நீ எழுதிய கைப்பிடி

தம்பி,

நீ நன்றாகத்தான் இருப்பாய். அதனால் நலம் விசாரிக்கவில்லை.

தரைத்தள வீடு கேட்டு நான் போட்ட மனுவை நீ வேலை பார்க்கும் வீட்டு வசதி வாரிய அலுவலகம் தள்ளுபடி செய்ததே, அந்தக் கோப்பின் நகலை வாங்கிப் படித்தேன். “மனுதாரரின் வீட்டுக்கு நேரில் சென்றேன். படிக்கட்டில் கைப்பிடி உள்ளது. அதைப் பிடித்து அவர் சிரமமின்றி இறங்குகிறார்” என்று எழுதி, கீழே உன் கையெழுத்து. விபத்துக்குப் பிறகு இரண்டு வருடமாக நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். என்னைப் பார்க்க நீ ஒரு நாளும் இந்தப் படியை மிதித்ததில்லை.

அந்தத் தரைத்தள வீட்டில் இப்போது உன் மச்சான். என்னைப் போன்றவர்களுக்காகப் போட்ட சாய்தளத்தில் அவர் பைக் ஏறுவதை ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிறேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உனக்கு அவருக்காகத்தான் ஆடியிருக்கிறது.

மேல்முறையீடு செய்தேன். நேற்று விசாரணை அதிகாரி போனில் பேசினார். “நீங்க இறங்கி வர வேணாம்மா. வியாழக்கிழமை விசாரணையை உங்க வீட்லயே வெச்சுக்கலாம். அறிக்கை எழுதினவரையும் வரச் சொல்லிட்டேன்” என்றார். எழுதியவன் என் தம்பி என்று நான் சொல்லவில்லை. அதை நீயே சொல்லிக்கொள்.

உன் முட்டிவலி எனக்குத் தெரியும். மொத்தம் ஐம்பத்து நான்கு படிகள். நிதானமாக ஏறு. கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். இந்தக் கட்டடத்தில் யாரும் இதுவரை அதைப் பார்த்ததில்லை. எங்கே இருக்கிறதென்று அதிகாரிக்கு நீதான் காட்ட வேண்டும்.

மூன்றாம் மாடியில் காத்திருக்கும்
அக்கா