தையற்காரம்மா கேட்ட ஞானஸ்நானம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகளின் ஸ்தோத்திரம். நம்மேல் இரக்கப்பட்டு ஒருவர் ஞானஸ்நானம் கேட்டால் கொடுக்கலாமா? எனக்குப் பதில் தெரியவில்லை. போதகரான உங்களிடம் கேட்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை.

மிஷன் அனுப்பிய இந்த ஊரில், என் மாடியறையில் நான் நடத்தும் ஞாயிறு ஆராதனைக்கு வருவது கீழ்வீட்டுத் தையற்காரம்மா ஒருவர்தான். பாதிப் பிரசங்கத்தில் தூங்கிவிடுவார். இங்கே யாரும் சபையில் சேராததால் மிஷன் என்னைத் திரும்ப அழைக்கப்போகிறது என்று பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லிவிட்டேன். இன்று மாடியேறி வந்தார்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, என்னை முக்கி எடுத்துடு. தண்ணிதானே, கரைஞ்சா போயிடுவேன்?"

"விசுவாசம் வேணும்மா."

"உன்னை நம்புறேன், போதாதா?"

சிரித்துவிட்டேன். பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை. இத்தனை நாள் நான் பேசியதில் அவர் காதில் விழுந்தது என் தனிமை மட்டும்தான். ஜெபிக்க உட்கார்ந்தால் எனக்கும் வேறொன்றும் கேட்பதில்லை. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நீங்களும் அம்மாவும் சாப்பிடும்போது பேசுவதைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். சண்டையாக இருந்தாலும் பரவாயில்லை. அவசரமாக முடிக்கிறேன்.

உங்கள் மகள்

மறுநாள் சேர்த்தது: காலையில் தையற்காரம்மா துண்டும் மாற்றுத்துணியுமாக வந்தார். முடியாது என்றேன்.

"அப்போ போயிடுவியா?"

ஆமாம் என்றேன். தன் தையல் கடையைத் திறக்கப் போய்விட்டார். ஆராதனை நேரம் முழுவதும் கீழே தையல் மெஷின் ஓடியது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று பிரசங்கத்தைக் கடைசிவரை செய்து முடித்தேன்.