ராசாத்தாள் சொன்ன ‘சரிங்கம்மா’

2024 நவம்பர் 18, திங்கள்

நான் மறுத்தேன் என்று நேற்றுத் தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது பேசிக்கொண்டார்கள். என் காதில் விழட்டும் என்றே பேசினார்கள். நான் மறுக்கவில்லை. எழுத்தில் கேட்டேன். இரண்டும் ஒன்றல்ல.

“பிலோமினா அந்தக் கிழவனைத் தெருவுக்கு அனுப்பிவிட்டாள்” என்பதும் தவறு. யாரையும் நான் எங்கும் அனுப்பவில்லை. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். எழுபத்தாறு வயதானாலும் எனக்குத் தேதிகள் மறப்பதில்லை.

உக்கடம் பாலத்தடியிலும் ரயில் நிலையத்துக்கு வெளியேயும் படுத்துக் கிடப்பவர்களுக்காகச் செப்டம்பரில் மூன்று அமைப்புகள் சேர்ந்தோம். எங்கள் பங்கின் தொண்டுச் சபை, ஒரு ஜமாத்தின் அறக்கட்டளை, நஞ்சுண்டனின் அன்னதானக் குழு. அதுவரை அவரவர் இஷ்டத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரே ஆளுக்கு மூன்று போர்வை, அடுத்துப் படுத்திருப்பவருக்கு ஒன்றுமில்லை. இப்போது எங்கள் பங்குக் கூடம் பெண்களுக்கு, ஜமாத்தின் கூடம் ஆண்களுக்கு, இரண்டுக்கும் சாப்பாடு நஞ்சுண்டனுடையது. செயலாளர் நான். விதிகள் பதினேழையும் எழுதியவள் நான்தான். மூன்று தரப்பும் படித்துத்தான் கையெழுத்திட்டார்கள்.

நவம்பர் 10, ஞாயிறு, கொட்டும் மழையில் காளிச்சாமியும் அவர் மனைவி ராசாத்தாளும் வந்தார்கள். ஆனைமலைப் பக்கம் தோட்டத்து வேலை செய்தவர்கள். குடியிருந்த சாளை மழையில் விழுந்துவிட்டதாம். அவருக்கு எண்பது இருக்கும். நினைவு தடுமாறுகிறது. விதிப்படி அவர் அங்கே, நீ இங்கே என்றேன். “சரிங்கம்மா” என்றாள் ராசாத்தாள். பதிவேட்டில் ‘ஒப்புதல் பெறப்பட்டது’ என்று எழுதினேன்.

12ஆம் தேதி, ஆண்கள் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ரசாக் போன் செய்து, ராசாத்தாளுக்கு அங்கே இடம் கேட்டார். எழுத்தில் தாருங்கள் என்றேன். 13ஆம் தேதி ஒரு தாள் கொண்டுவந்தார். அதில் தேதி இல்லை, கையொப்பம் இல்லை. திருப்பிக் கொடுத்தேன். 14ஆம் தேதி காலை காளிச்சாமி கூடத்தில் இல்லை.

இவ்வளவுதான் நடந்தது.

நவம்பர் 20, புதன்

மழை. போலீஸ் நிலையத்திலிருந்து தகவல் எதுவும் இல்லை.

நவம்பர் 21, வியாழன்

திங்களன்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ‘இவ்வளவுதான் நடந்தது.’ அழகான கையெழுத்து.

ரசாக் போனில் சொன்னதை நான் முழுதாக எழுதவில்லை. அந்த மனிதர் விழித்து எழுந்தால் எங்காவது நடந்துவிடுவார், அதனால் ராசாத்தாள் தினமும் தன் சேலை முந்தானையை அவர் மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள் என்றார். கூடத்தின் முன்பக்கம் தடுப்புப் போட்டு இருவரையும் அங்கே படுக்க வைக்கலாம், தானே காவல் இருக்கிறேன் என்றார். நான் என்ன சொன்னேன்? ஆண்கள் இடத்தில் பெண்பிள்ளை படுப்பது முறையல்ல என்றேன். ஐம்பது வருடம் சேர்ந்து படுத்த புருஷன் பெண்டாட்டியைப் பற்றி! பிறகுதான் எழுத்தில் கேட்டேன்.

ரசாக் பெரிய கடைவீதிப் பக்கம் குடையும் பையும் தைக்கிறவர். மறுநாள் கடையைச் சாத்திவிட்டு வந்தார். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு வரி. நான் வீட்டு வாசலில் நின்றே படித்தேன். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. பென்சிலால் குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுத்தேன். “அடுத்த கூட்டம் டிசம்பர் 14, அதற்குள் சரிசெய்து கொடுங்கள்” என்றேன். “சரிங்க மேடம்” என்றுவிட்டுப் போனார்.

எல்லோரும் சரி என்றுதான் சொல்கிறார்கள்.

நவம்பர் 22, வெள்ளி

அவசரக் கூட்டம். பங்கு அலுவலகத்தில், மாலை நான்கு மணிக்கு.

எந்த மாற்றத்தையும் தேதி, கையொப்பத்தோடு எழுத்தில்தான் கேட்க வேண்டும் என்ற விதி ஒன்பதைப் படித்துக் காட்டினேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நஞ்சுண்டன் மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி, “மழைக்கு ஆரும் மனுக் குடுக்கலீங்க. அது பாட்டுக்குப் பேஞ்சுபோட்டுது” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். கூட்டத்தில் இதுவரை யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

ரசாக் சட்டைப்பையிலிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்து, மடிப்பை நீவி, மேசை மேல் வைத்தார். என் பென்சில் எழுத்து எல்லோருக்கும் தெரிந்தது. ‘தேதி இல்லை. கையொப்பம் இல்லை. திருப்பி அனுப்பப்படுகிறது.’

தாளின் மறுபக்கத்தில் தேதி இருந்தது. கொட்டை எழுத்தில், நவம்பர் 13.

நவம்பர் 24, ஞாயிறு

பூசைக்குப் பிறகு பெண்கள் கூடத்துக்குப் போனேன். அங்கே சமையலுக்கு உதவும் செவ்வந்தி தேநீர் கொடுத்தாள். கேட்காமலே சொன்னாள்: ராசாத்தாள் பகலெல்லாம் காந்திபுரம், சிங்காநல்லூர் என்று ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டாகத் தேடுகிறாளாம். திரும்பி வந்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாளாம்.

சிறிது நேரத்தில் அவளே வந்தாள். காலெல்லாம் சேறு. என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். அந்த முந்தானையின் ஒரு மூலை மட்டும் கயிறுபோல முறுக்கேறிச் சாயம் போயிருக்கிறது. அதை நான் முன்பு பார்த்ததில்லை. பார்த்திருக்கலாம். பத்தாம் தேதியே என் மேசைக்கு எதிரில்தான் நின்றாள்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அன்றைக்கு நான் கேட்டேனே. நீ சரி என்றுதானே சொன்னாய்?”

“பெரியவீங்க சொல்றப்ப இல்லீங்கன்னு எப்படீங்கம்மா சொல்றது? மழைக்கு ஒதுங்க எடம் குடுத்தீங்க. அதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்கறது?”

சொல்லில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

பிறகு அவளே, “கட்டிக்கிட்டுப் படுத்தா அவுரு எந்திரிக்கறப்ப என்னைய இழுக்குமுங்க. அதான். வேற ஒண்ணுமில்லீங்க” என்றாள். என்னைச் சமாதானப்படுத்துவது போல.

எனக்குக் கொங்குப் பேச்சு தெரியாதா? இந்த ஊரில் பிறந்தவள்தானே நான். இங்கே ‘சரிங்க’ என்றால் சம்மதம் என்று எந்தக் கான்வென்ட் சிஸ்டரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வாசலில் வந்து நிற்பவரிடம் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டால் பட்டினியாக இருந்தாலும் ‘ஆச்சுங்க’ என்பார்கள். அது தெரிந்தவள், பதிவேட்டில் என்ன எழுதினாய், பிலோமினா?

நவம்பர் 25, திங்கள்

கிடைத்துவிட்டார். உயிருடன்.

காலை பத்து மணிக்கு ரசாக் போன் செய்தார். பெரியநாயக்கன்பாளையம் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டில், ஒரு பட்டறை மதிலோரம் விழுந்து கிடந்திருக்கிறார். காவலாளி பார்த்து ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு. பதினோரு நாள் எப்படி இருந்தார், யார் சோறு போட்டார்கள் என்று தெரியவில்லை. ஊர் ஆனைமலை, தெற்கே இருக்கிறது. அவர் வடக்கே நடந்திருக்கிறார்.

ராசாத்தாளை நஞ்சுண்டன் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். என்னை யாரும் கூப்பிடவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

இந்த வயதில் அறுவை வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மேட்டுப்பாளையத்தில் ஒரு சிறிய இல்லம் இருவரையும் சேர்த்து ஏற்றுக்கொண்டதாம். ரசாக்தான் பேசி முடித்தார். யாரிடமும் எழுதி வாங்காமல்.

டிசம்பர் 3, செவ்வாய்

என் கணவர் ஜெரோம் இறந்து இன்றோடு ஒன்பது வருடம். அவர் பேரில் பூசைக்குக் கொடுத்திருந்தேன்.

அவர் கிடந்த தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பார்வையாளர் நேரம் எட்டு மணியோடு முடிந்தது. மற்ற குடும்பங்கள் நர்ஸிடம் கெஞ்சி, வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தார்கள். நான் எட்டு மணிக்கு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். விதி விதிதான், எனக்கென்று சலுகை கேட்க மாட்டேன். விடிவதற்குள் போய்விட்டார். அவர் என்னைக் கேட்டாரா என்று அந்த நர்ஸிடம் நான் விசாரிக்கக்கூட இல்லை.

சலுகையே கேட்காதவள் என்று என்னைப் பற்றி எல்லோரிடமும் நானே சொல்லியிருக்கிறேன். பெருமையாக.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

டிசம்பர் 14, சனி

மாதக் கூட்டம். கணவன் மனைவியாக வருகிறவர்களைப் பிரிக்கக்கூடாது, ஆண்கள் கூடத்தின் முன்பக்கத்தைத் தடுத்து மூன்று அறைகள் ஆக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கொண்டுபோனேன். அவசரம் என்றால் கூடத்தைப் பார்த்துக்கொள்பவரே முடிவெடுக்கலாம், எழுத்து பிறகு வரட்டும் என்றும் சேர்த்திருந்தேன். தடுப்புப் பலகை ஜமாத்தார் தருகிறார்கள். கட்டில்கள் எங்கள் சபை. நஞ்சுண்டனுக்குத் தெரிந்த தச்சர் கூலி வேண்டாம் என்கிறாராம். பத்து நிமிடத்தில் நிறைவேறியது. நவம்பரிலும் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

ரசாக் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தேதியெல்லாம் கரெக்டா இருக்குதுங்க மேடம்” என்றார். குத்தலா, பரிகாசமா, மன்னிப்பா? எனக்குத் தெரியவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து, மழைக்கு அந்தக் கூரை ஒழுகுகிறதா என்று கேட்டேன்.

செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்றேன். ஏற்றுக்கொண்டார்கள். சம்பிரதாயத்துக்குக்கூட யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

2025 ஜனவரி 7, செவ்வாய்

மேட்டுப்பாளையம் போய் வந்தேன். பஸ்ஸில்தான். பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் ரோட்டோரத்து மதில்களைப் பார்த்துக்கொண்டே போனேன். எத்தனை பட்டறை, எத்தனை மதில். எது என்று தெரியாது.

இல்லம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் இடம் போதவில்லை. ஒரே கூடத்தில் பதினாறு கட்டில்கள். காளிச்சாமியின் கட்டிலுக்குக் கீழே, தரையில் பாய் போட்டு ராசாத்தாள் படுக்கிறார். பனிக்குத் தரை சில்லிடுகிறது. மார்ச் மாதம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

கமலா ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். ராசாத்தாள் நாரை உரித்துச் சுளையைக் கணவர் வாயில் வைத்தார். காளிச்சாமி என்னைப் பார்த்தார். யாரையும் பார்க்கவில்லை என்றும் சொல்லலாம்.

முந்தானை மூலை நேராக இருந்தது. துவைத்துத் துவைத்துச் சுருக்கம் போயிருந்தது. நான் அதைப் பார்ப்பதை ராசாத்தாள் பார்த்துவிட்டார்.

“இப்பக் கட்டறதில்லீங்கம்மா. அவுரு எந்திரிக்கறதே இல்லீங்களே.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். தமிழில் அந்தச் சொல்லை வாய்விட்டு நான் சொன்னதாக ஞாபகமில்லை.

“சரிங்கம்மா” என்றார்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஜனவரி 9, வியாழன்

இன்று அனுப்பிய கடிதத்தின் நகல்.

திருமதி ராசாத்தாள் காளிச்சாமி அவர்களுக்கு,

சிங்காநல்லூர் போகும் ரோட்டில், ராமநாதபுரத்தில் என் வீட்டின் முன்னறை ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. என் கணவர் இருந்த அறை. தெருப்பக்கம் தனி வாசல் உண்டு, படி இல்லை. இரண்டு கட்டில்களை ஒட்டிப் போட்டிருக்கிறேன். செவ்வந்தி தினமும் வந்து உதவுவதாகச் சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டுக்கு நஞ்சுண்டன் பொறுப்பு. டாக்டரிடம் அழைத்துப் போவதை ரசாக் பார்த்துக்கொள்வார். மூவரிடமும் பேசிவிட்டேன். இந்த அறைக்கு விதி எதுவும் இல்லை.

நீங்கள் இங்கே வந்து இருப்பதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தம் இராது என்று எழுதினால் அது பொய். ஆனால் அந்த வருத்தம் என்னோடு. அப்படியானால் மார்ச்சுக்குள் வேறு இடம் பார்க்கும் வேலையை நாங்கள் நால்வரும் செய்வோம்.

நேரில் வந்து கேட்டிருப்பேன். போனிலும் கேட்டிருப்பேன். என் முகத்தைப் பார்த்தாலோ குரலைக் கேட்டாலோ நீங்கள் ‘சரிங்கம்மா’ என்றுதான் சொல்வீர்கள். அதனால் இதை இல்லத்தில் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். நாலு நாள் யோசியுங்கள். பிறகு உங்கள் மனதில் இருப்பதை, கோபமிருந்தால் அதையும், படித்துக் காட்டியவரையே எழுதச் சொல்லுங்கள். காலண்டர் தாள் போதும். தேதி வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். என் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.