பதினோராம் வளைவில் நிற்கும் பஸ்

என் அருளு, என் சாமி,

உன் பஸ் கிடைத்துவிட்டது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல சேதியை அடக்கி வைக்கிற பொறுமை எனக்கு வகுப்பறையோடு போயிற்று.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. என் தம்பி அருள் கணினி விளையாட்டுகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தான். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை உருவாக்கினான். பாதி வளர்ந்தபோதே கம்பெனி அதைக் கைவிட்டது. கடைக்கு வரவே இல்லை. தையல்காரர் சட்டையை நூலோட்டிப் போட்டுப் பார்ப்பார் அல்லவா, அப்படி ஒரு முன்மாதிரி மட்டும் இருந்தது. அதுவும் தொலைந்து போயிருந்தது.

அதை ஏன் கைவிட்டார்கள் என்று நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தது ஞாபகமிருக்கிறதா? "துப்பாக்கி இல்ல, எதிரி இல்ல, யாரு வாங்குவாங்கன்னு கேக்கறாங்கக்கா. மலை பஸ்ஸுல வாந்திய விடப் பெரிய எதிரி உண்டாடான்னு கேட்டேன்!" யாரும் வாந்தி எடுக்காமல் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தால் வெற்றி. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்திருக்கும் பயணிகளை உன்னைத் தவிர யார் கணினியில் வரைந்திருப்பார்கள்?

இன்னொன்றும் சொன்னாய். "உன்னையும் ஒரு வளைவுல வெச்சிருக்கேன். எதுலன்னு சொல்ல மாட்டேன், நீயே ஓட்டிக் கண்டுபுடி." நான் ஓட்டுவதற்குள் விளையாட்டு நின்றது. பிறகு நீயும் போய்விட்டாய். அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. எந்த வளைவு? அங்கே நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

போன மாதம் உன்னோடு வேலை பார்த்த பிரகாஷ் செம்மநத்தம் கிராமத்து வீட்டுக்கு வந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. வெளிவராத விளையாட்டுகளைத் தேடிச் சேர்த்துவைக்க உலகத்தில் ஒரு கூட்டமே இருக்கிறதாம், அவனும் அதில் ஒருவன். "அருளோட சிடி எல்லாம் எங்கீங்க?" என்று கேட்டதும் உன் மனைவி லில்லி கொய்யா மரங்களைக் கை காட்டினாள்.

கிளைக்குக் கிளை உன் சிடிகள் நூலில் தொங்கிக்கொண்டிருந்தன, காற்றில் திரும்பித் திரும்பி மின்னிக்கொண்டு.

"கிளி நொம்பக் கொத்துதுன்னு நாந்தானுங்க கட்டிவுட்டேன். ஊட்டுல சும்மாதான கெடந்துச்சு" என்றாள் லில்லி. பிரகாஷ் ஏணி போட்டு ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தான். வெயில் எல்லாவற்றையும் வெளுத்துவிட்டிருந்தது. "ஒண்ணும் தேறாதுங்க டீச்சர்" என்றான்.

லில்லியின் முகம் சுருங்கிவிட்டது. "கிளியாவது வராம இருக்குதா கண்ணு?" என்று கேட்டேன்.

"எங்கீங்க அண்ணி! அதுல மொகம் பாத்துட்டு வந்து கொத்துதுங்க."

சிரித்து முடித்தபோது பிரகாஷ் ஜன்னலோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே லில்லியின் ரோஜாத் தொட்டி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. அது உன் பழைய கணினி! என் பையிலிருந்த பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, அதன் முகப்பிலிருந்த சின்ன ஓட்டையில் குத்தினான். தட்டு வெளியே வந்தது. அதில் ஒரு சிடி, உன் கையெழுத்தில் 'ஏற்காடு பஸ்'. இத்தனை வருடமும் வெயில் படாமல், கிளி பார்க்காமல், அங்கேயே இருந்திருக்கிறது.

பிரகாஷின் மடிக்கணினியில் அதைப் போட்டோம். ஓட்டியது யார் என்று நினைக்கிறாய்? நானேதான். சைக்கிள்கூட ஓட்டாதவள். இரண்டாம் வளைவில் பஸ்ஸைப் பாறையில் உரசினேன். உடனே பின் சீட்டிலிருந்து ஒரு குரல்: "ஏனுங்க டிரைவரு, பஸ் ஓட்டறீங்களா, மாவாட்டறீங்களா?" அது கல்யாணமான புதிதில் நீ பதிவு செய்த லில்லியின் குரல். லில்லி வாயைப் பொத்திக்கொண்டு, "இந்தத் திட்டு உங்களுக்குத்தானுங்க அண்ணி!" என்றாள்.

ஒவ்வொரு வளைவிலும் என்னைத் தேடினேன். குரங்கு இருந்தது, கரும்பலகை வண்ணத்தில் பாறை இருந்தது, நான் இல்லை. பதினோராம் வளைவில் பஸ் நின்றது. எதை அழுத்தினாலும் நகரவில்லை.

"ஹேங் ஆயிருச்சுங்க டீச்சர். ஆபீஸ்லயும் எல்லாரும் இங்கதான் நின்னுபோகுதுன்னு சொன்னாங்க. அருள் மட்டும் 'பொறுங்கடா'ன்னு சிரிச்சுட்டுப் போயிருவான்" என்று சொல்லி, மடிக்கணினியை அணைக்கக் கையைக் கொண்டுபோனான் பிரகாஷ்.

"கைய எடு சாமி. கொஞ்சம் இரு" என்றேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது, அருளு. மழை துடைப்பான் ஆடிக்கொண்டேயிருந்தது. நின்றுபோன பஸ்ஸில் துடைப்பான் ஆடுமா? வலது பக்கம் சில்வர் ஓக் மரம், அதையொட்டிக் கீழிறங்கும் ஒற்றையடிப் பாதை. அது நம் பழைய வீட்டுப் பாதை. காலை பஸ்ஸுக்கு நான் என்றைக்கு நேரத்துக்கு வந்தேன்? பள்ளிச் சட்டையோடு நீ முன்னால் ஓடி, ஒரு காலைப் படியிலும் ஒரு காலை ரோட்டிலும் ஊன்றிக்கொண்டு, "அக்கா வராங்க, இருங்க!" என்று கத்துவாய். டிரைவர் உன்னைத் திட்டிக்கொண்டே எனக்காக நிற்பார். மலை பஸ் தெரிந்த முகத்தை விட்டுப் போகாது. நகரத்தில் வளர்ந்தவர்கள் அதைப் பழுது என்று நினைத்ததில் தப்பென்ன?

லில்லி காப்பி கொண்டுவந்தாள். குடித்து முடிக்கும் நேரத்தில், பாதையின் கீழ்க்கோடியில் குடையின் நுனி தெரிந்தது. பிறகு குடை. பிறகு நான், கையில் விடைத்தாள் கட்டோடு, துளி அவசரமில்லாமல் ஏறி வருகிறேன்! படியில் கால் வைத்ததும் கண்டக்டர் குரல். உன் குரல், சாமி. "டீச்சரக்கா ஏறியாச்சு, ரைட் போலாம்!"

மூன்று பேரும் கை தட்டினோம். தட்டினதில் லில்லியின் தம்ளர் உருண்டது.

அடுத்த வளைவில் ரோடு முடிந்துவிட்டது. அதற்கப்பால் வெறும் வெள்ளை. "இதுக்கு மேல அவன் செய்யலீங்க" என்றான் பிரகாஷ் தயங்கியபடி. லில்லி எட்டிப் பார்த்தாள். "ரோடு எங்கீங்க முடிஞ்சுது? பனி எறங்கியிருக்குது, அவ்வளவுதான்."

பாதி போட்ட கணக்குக்கும் நான் மதிப்பெண் குறைத்ததில்லை. வழி சரியாக இருந்தால் போதும். உன் வழி சரி.

மீதி ரோட்டைப் போடட்டுமா என்று பிரகாஷ் கேட்டான். வேண்டாம், அப்படியே இணையத்தில் பொதுவில் வை என்றோம். 'பதினோராம் வளைவில் தயவுசெய்து காத்திருக்கவும்' என்ற ஒரு வரியோடு வைத்திருக்கிறான். எங்கிருந்தோ ஒருவர், "இந்த அம்மா எப்பவுமே லேட்டா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஆமாம் என்று பதில் போடச் சொன்னேன்.

நான் நலமாக இருக்கிறேன். காப்பி பூத்திருக்கிறது, லில்லி என்னை மறுபடி மறுபடி பஸ்ஸை ஓட்டிக் காட்டச் சொல்கிறாள். ஆகவே அவசரப்பட மாட்டேன். ஆனால் வருவேன், சத்தியமாக வருவேன், அதே குடையோடு. நீ அதுவரை ஒரு காலைப் படியில் வைத்து, ஒரு காலை ரோட்டில் ஊன்றிக்கொள். டிரைவர் திட்டினால் திட்டட்டும்.

எப்போதும் கடைசியாக ஏறும்
உன் அக்கா,
எஸ்தர்