நடுவில் நான் இருக்கும் படம்

புதுச்சேரி
9 மார்ச் 1958

மர்செல், ஜிசேல் இருவரின் தகப்பனாருக்கு,

பிரெஞ்சுப் பாலர் வகுப்பிலிருந்து பிள்ளைகளை நிறுத்திவிட்டேன். திங்கட்கிழமை முதல் வீட்டில் நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜிசேல் நனைந்த பாவாடையோடு வந்தாள். வெளியே போகவேண்டும் என்று மூன்று முறை தமிழில் கேட்டாளாம். நான்கு வயதுக் குழந்தை. டீச்சரம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன்.

“எங்கிட்ட ஏம்மா கத்துறீங்க? தமிழ்ல கேட்டா காதுல வாங்காதீங்கன்னு உங்க ஊட்டுக்காருதான் பிரான்சுல துலோன் பட்டாளத்துலேர்ந்து எழுதியிருக்காரு” என்று கடிதத்தை எடுத்துக் காட்டினார்.

உங்கள் கையெழுத்துதான். ஜூன் மாதக் கப்பலில் பிள்ளைகள் இருவரையும் பிரான்சுக்கு அழைத்துக்கொள்ளப் போவதாகவும் அதில் இருந்தது. என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கும் நீங்கள் எழுதவில்லை.

எதிர்வீட்டு ராஜாம்பாள், “பட்டாளத்துச் சொல்தா பொண்டாட்டி பள்ளிக்கூடம் தொறந்துட்டா, என்னையும் சேத்துக்கோடி” என்று கேலி செய்கிறாள். செய்யட்டும். சமையலறைத் தரையில் இருவரும் கரித்துண்டால் எழுதுகிறார்கள். முதலில் என் பெயரைத்தான் கற்றுக்கொடுத்தேன்.

டீச்சரம்மாவுக்கு எழுதிய அந்தக் கடிதத்திலேயே பாஸ்போர்ட்டுக்குப் பிள்ளைகளின் படமும் கேட்டிருந்தீர்கள். நேற்று ஸ்டூடியோவில் எடுத்தோம், இத்துடன் இருக்கிறது. இருவரையும் அணைத்தபடி நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கே கத்தரித்தாலும் அவர்கள் தோளில் என் கை இருக்கும்.

இப்படிக்கு,
அவர்களைப் பெற்றவள்