நாணல் தண்டுக்குள் ஒருத்தி

ஜூலை 6

தங்கை கல்யாணமாகிப் போய் ஒரு மாதம். இன்னும் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். அவள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. நானா கூப்பிட வேண்டும்? போனவளுக்குத்தானே அக்கா நினைப்பு வர வேண்டும்!

சதுப்பு நிலத்தில் கிழக்குப் பக்க நாணலை ஆகஸ்டில் அறுக்கப் போகிறார்களாம். அங்கே ஓர் அரிய அந்துப்பூச்சி இருக்கிறது என்று, பூச்சிக் கணக்கெடுக்கும் நான் போய்ச் சண்டை போட்டேன். அறுக்கச் சொன்ன அதிகாரி சொன்னது: "புழுவைக் காட்டாதீங்க மேடம், எல்லாப் புழுவும் ஒண்ணுதான். அந்துப்பூச்சியக் கண்ணால பாத்தா நிறுத்துறேன்."

ஜூலை 9

கூட்டுப்புழு இருக்கும் தண்டுகளை முழ நீளத் துண்டுகளாக வெட்டி வந்து வாளித் தண்ணீரில் நிறுத்தினேன். இந்தப் புழு தண்டுக்குள்ளேயே தின்று வளரும். தூங்கப் போகுமுன் தண்டின் சுவரைச் சுரண்டி, மெல்லிய தோலை மட்டும் மிச்சம் விட்டு ஒரு ஜன்னல் செய்துகொள்ளும். சிறகு முளைத்ததும் அதை முட்டிக்கொண்டு வெளியே வரும். போகிற வழியை முன்னாலேயே பார்த்துவைப்பதில் என் தங்கை மாதிரிதான்.

ஜூலை 13

விடுமுறை. கூட்டுப்புழு சத்தம் போடாது. நானும் போடவில்லை.

ஜூலை 24

ஐயோ. தலைகீழா நிறுத்தியிருக்கேன்! ரெண்டு முனையும் வெட்டின துண்டுல எது மேல, எது கீழன்னு பாக்கவே இல்ல. ஜன்னல் எல்லாம் தண்ணிக்குள்ள. இத்தனை வருஷமா இதே வேலை, இது கூடவா தெரியாது எனக்கு?

ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தேன். ஊறி அழுகியிருந்தன. ஒன்றில் மட்டும் ஜன்னல் தண்ணீருக்கு மேலே இருந்திருக்கிறது. அதற்குள் இருந்த கூட்டுப்புழு தொட்டதும் நெளிந்தது.

தரையில் உட்கார்ந்து அழுதேன். யாரிடம் சொல்ல? போனை எடுத்தேன் — வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3

வந்துவிட்டாள்! வைக்கோல் நிறச் சிறகு. பெண். வலைக்கூண்டில் விட்டிருக்கிறேன்.

அதிகாரி போனில், "ஒரே ஒரு பூச்சிக்காக வேலைய நிறுத்த முடியுமா மேடம்?" என்கிறார். மனசாட்சி இல்லாத மனிதர்.

ஆகஸ்ட் 4

கெஞ்சிக் கூத்தாடி அவரை அந்தி நேரத்தில் நாணல் ஓரத்துக்கு வரவழைத்தேன். கொசுவை அடித்துக்கொண்டே, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார்.

கூண்டுக்குள் அவள் வலையைப் பிடித்துக்கொண்டு வயிற்று நுனியைக் கொஞ்சம் நீட்டினாள். அவ்வளவுதான். அவள் விடும் வாசனை நம் மூக்குக்கு எட்டாது, ஆண் பூச்சிகளுக்கு எட்டும். நாணலுக்குள் இருந்து ஓர் ஆண் வந்தது. அப்புறம் நாலைந்து. அப்புறம் கூண்டே தெரியவில்லை. ஒன்று அதிகாரியின் சட்டைப் பையில் உட்கார்ந்தது. அவர் தட்டிவிடவில்லை.

"இவ்வளவு பேரா உள்ள இருந்தாங்க?" என்றார். "கிழக்குப் பக்கம் வேண்டாம்னு சொல்லிடறேன்."

கூண்டைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரே சந்தோஷம், சொல்லத்தான் ஆளில்லை. கூண்டுக்குள் இருந்தவள் வாயில்லாமலே கூப்பிட்டாள். என்னிடம் போன் இருக்கிறது.

ஆகஸ்ட் 5

தங்கையைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நீயே கூப்பிடணும்னு தினமும் போனையே பாத்துட்டு இருந்தேன்க்கா."

கழுதை. அப்படியே என்னை மாதிரி.