வேன் எஞ்சினும் நீ எடுத்துப் போன சாவியும்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பிக்கப் வண்டியும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் என்றால் நீ என்னைப் பேசவிட மாட்டாய், அதனால்தான் கடிதம். "அந்த ஓட்டை வண்டியத் தள்ளிவிட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க, இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா ஸ்டியரிங்" என்று கேட்டாயே, அதற்குப் பதில் இது. விற்பதாக இல்லை. வாங்க வந்த ஆளுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நடந்ததைக் கேள். பழைய பெட்ரோல் எஞ்சின் உயிரை விட்டதும், பழைய இரும்புக்குப் போக இருந்த ஒரு பள்ளிக்கூட வேனின் டீசல் எஞ்சினை மெக்கானிக் எடுத்துப் பொருத்தினார். அது கொஞ்சம் உயரம், போனட் முழுசாக மூடாது, எப்போதும் ஏதோ சொல்ல வாயெடுத்தது போலவே நிற்கும், உன் அத்தை மாதிரி. டிரைவர் வைக்கலாம் என்றாய், வந்தவர் போனட்டைப் பார்த்தே போய்விட்டார். மேட்டு உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நம் சலவைக்கடையில் துவைத்த படுக்கை விரிப்புகள் போயாக வேண்டும், அப்பாவால் கிளட்ச் மிதிக்க முடியாது, நான்தான் உட்கார்ந்தேன். ஏறும்போது அப்பா தன் சாவியைக் கொடுப்பார், இறங்கியதும் கை நீட்டி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். இந்த எஞ்சினை அவர் ஒரு நாளும் ஓட்டியதில்லை, ஆனாலும் பக்கத்து சீட்டில் வாய் ஓயாது. மேடு வந்ததும் "மிதி, இன்னும் மிதி, கத்தட்டும், அப்பதான் ஏறும்" என்றார். பழைய எஞ்சினுக்கு அதுதான் வேதவாக்கு, நானும் மிதித்தேன். இது கத்தவில்லை, கரும்புகை கக்கியது, கிளட்ச் தீய்ந்தது, பாதி மேட்டில் நின்றுவிட்டது. எப்படியோ தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தால், அங்கே துணிகளை வாங்கி வைக்கும் ஸ்டோர் அம்மா ஒரு விரிப்பை முகர்ந்து பார்த்து "நோயாளிங்க இந்தப் புகை நாத்தத்துலயா படுக்கணும்" என்று லோடு முழுவதையும் திருப்பிவிட்டார், இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு கடைக்குக் கொடுத்துவிடுவாராம். அந்த ஆஸ்பத்திரி கை விட்டுப் போனால் நம் கடைக்குப் பூட்டுதான். அன்றைக்கு அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

அழுதால் மேடு இறங்கி வருமா? சாயங்காலம் கடை வேலை முடிந்ததும் அப்பாவிடம் சாவி வாங்கி, காலி வண்டியைப் பின்முற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். சரக்கு ஏற்றும் சாய்வு ஒன்று உண்டே, நீ சைக்கிளில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட இடம், அதில் ஏறும்போது பயத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். நின்றுவிடும் என்று பார்த்தால் அது தன் பாட்டுக்கு, அவசரமே இல்லாமல் ஏறிப்போனது. ஈர மூட்டைகளை ஏற்றிப் பார்த்தேன், அப்போதும் ஏறியது. கிளட்சை மெல்ல விட்டு, கொஞ்சமாக மிதித்து, சீக்கிரமே கியர் மாற்றினால் போதும். விரட்டினால் முரண்டு பிடிக்கும், விட்டுப்பிடித்தால் வேலை செய்யும், இதே குணத்தில் ஒருத்தியைப் பெற்று வளர்த்தவள் நான்.

அடுத்த லோடு அன்று மேட்டின் நடுவிலேயே ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு நிற்க வேண்டியதாயிற்று. பின்னால் ஒரு பஸ் ஒட்டிக்கொண்டு நின்று ஹாரன் அடிக்கிறது. அப்பா மிதி மிதி என்று ஆரம்பித்து, தன் நல்ல காலால் தரையையும் மிதித்தார். "இது உங்க எஞ்சின் இல்ல, கொஞ்சம் பேசாம வாங்க" என்று சொல்லிவிட்டேன். கல்யாணமான நாள் முதல் வண்டிக்குள் அவரிடம் அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை, புகையில்லாமல் ஏறியது. ஸ்டோர் அம்மா முகர்ந்து பார்த்தார், வாங்கி வைத்துக்கொண்டார். வீடு வந்ததும் நான் சாவியை நீட்டினேன், அப்பா கை நீட்டவில்லை. "வச்சுக்கோ, ஓட்டுறவங்ககிட்டதான் இருக்கணும்" என்று உள்ளே போய்விட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போதெல்லாம் காலையில் அவர் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போய் வெறுமனே திரும்புகிறது, பார்க்கப் பொறுக்கவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியை ஒரு வேளைகூட விடாமல் செய்ய வைக்கிறேன், முனகினாலும் விடுவதில்லை.

ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் மனம்போல வாழ எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மறக்காதே, போன தடவை வந்தபோது வண்டியின் இன்னொரு சாவியை மறதியாகக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னாயே, நான் வண்டியைத் தொடக் கூடாது என்று வந்த மறதி அது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அதைத் தபாலில் அனுப்பிவை. எனக்கு வேண்டாம், என் சாவி என்னிடம் இருக்கிறது. அது அப்பாவுக்கு. கால் தேறியதும் இந்த எஞ்சினை அவருக்கு நான் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா