கிழக்கெல்லை சமுத்திரம்

ராஜபாளையம்,
9.8.94

அன்பு மகள் ரத்தினத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம், புத்திக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்பும் புத்தியும் சேர்ந்தே நலமா என்று எழுது. பேத்திக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, நின்றதா? ஐஸ்பெட்டியில் இருந்து எடுத்த பாலை அப்படியே குடிக்கிறாள் என்று மாப்பிள்ளை போனில் பெருமையாகச் சொன்னார், அதைக் கொஞ்சம் சுடவைத்துக் கொடுத்தால் அமெரிக்காவில் யாரும் உங்களைப் பிடித்துக்கொண்டு போய்விட மாட்டார்கள். நீ அனுப்பிய படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் இங்கே நடக்கிற கூத்தை முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன், உன் தம்பி சோலைராஜ் உனக்கு எழுதியது பாதிதான் இருக்கும், அந்தப் பாதியிலும் பாதி அவன் ஆசை.

ஊரில் இப்போது யார் வாயைத் திறந்தாலும் இறால். நூல் விலை, பஞ்சு விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் குஞ்சு விட்டு எத்தனை மாதத்தில் பிடிக்கலாம், ஜப்பான்காரன் எந்த அளவு கேட்கிறான் என்று பேசுகிறார்கள். மலையடிவாரத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் ஒரே ஒரு தடவை கடலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். உன் தம்பியோடு கூட்டுச் சேர்ந்திருக்கிற மில்லுக்கார சுப்புராஜ் இருக்கிறாரே, அவருக்கு இறால் தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும், கல்யாண வீட்டில் அந்த வாசனை வந்தாலே எழுந்து போய்விடுவார், அவர்தான் இறால் பண்ணைக்கு முதல் பங்காளி. உன் தம்பி சத்திரப்பட்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பேண்டேஜ் துணி நெய்கிற தறியை எல்லாம் யாரிடமாவது தள்ளிவிட்டு வேம்பாருக்குப் பக்கத்தில் கடற்கரையில் குடிசை போட்டு உட்காரப் போகிறானாம். பாங்கில் கடன் கொடுக்க இந்த வீட்டுப் பத்திரம் வேண்டும், வீடு என் அப்பா எனக்கு எழுதிவைத்தது, அதனால் என் கையெழுத்து வேண்டும். இத்தனை வருஷமாக வீட்டில் உப்பு தீர்ந்ததா என்றுகூட என்னைக் கேட்காதவர்களுக்கு இப்போது என் கையெழுத்து இல்லாமல் தூக்கம் வரவில்லை.

நிலம் பார்க்கப் போன கதையைக் கேள். நல்ல காரியத்துக்கு அஷ்டமி, நவமி ஆகாது என்று உன் அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டி, தசமியாகப் பார்த்து, பங்குனியில் அவரும் உன் தம்பியும் சுப்புராஜுமாக மூன்று பேரும் கார் வைத்துக்கொண்டு போனார்கள். தரகர் பால்ச்சாமி முன் சீட்டில். அங்கே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்து கிடந்ததாம், அதைப் பார்த்ததும் உன் அப்பாவுக்குக் கண்மாய் ஞாபகம் வந்துவிட்டது. மண்ணைக் கையில் எடுத்துப் பொடித்துப் பார்த்து, "நம்ம கண்மா உள்வாய் மண்ணு மாதிரில்லா இருக்கு, ஐப்பசி கார்த்திகையில மழை கண்டா உண்டு, மத்த மாசம் பூராவும் காய்ஞ்சுதான் கெடக்கும்" என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். தண்ணீர் எதுவரை ஏறும் என்பதற்குக் கண்மாயில் கல் நட்டிருப்பார்களே, அந்தக் கல்லைக் கடற்கரையில் தேடிக்கொண்டு நடந்திருக்கிறார். தரகரைக் கேட்டதற்கு, "கடலுக்குக் கல்லு எதுக்கு அண்ணாச்சி, அதான் கரை தெரியுதே" என்றாராம். அந்தப் பதிலில் மூன்று பேருக்கும் பரம திருப்தி. நிலத்துப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது கிழக்கெல்லை சமுத்திரம் என்று எழுதினார்கள், அதைப் படித்துவிட்டு உன் அப்பா, "கெழக்கால மட்டும் எல்லைத் தகராறே வராது, நல்ல பக்கத்து வீட்டுக்காரன்" என்று சிரித்தார். சுப்புராஜும் சிரித்தார். நான் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று, அந்த இடத்துக்கு ஒழுங்கான படம் ஏதாவது இருக்கிறதா என்று. கிராமப் படம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார்கள். படம் போட்டவன் நம்பர் நம்பராகக் கட்டம் போட்டு, வண்டிப்பாதை, கிணறு, சுடுகாடு எல்லாம் காட்டி, கடல் வருகிற இடத்தில் ஒரு கோடு இழுத்து விட்டுவிட்டான், மேடு பள்ளம் ஒன்றும் கிடையாது, அந்தக் கோட்டை எந்த மாதம் எந்த நேரம் பார்த்து இழுத்தான் என்றும் கிடையாது. மேடு பள்ளம் போட்ட பெரிய படம் சர்க்காரிடம் இருக்கிறது என்று உன் தம்பியே சொன்னான். சரி வாங்கு என்றேன். மெட்ராஸுக்கு எழுதிப் போட்டு, ஆள் அனுப்பி, கடைசியில் வந்த பதில் என்ன தெரியுமா, கடலோரத்துப் படம் பொது ஜனத்துக்குக் கொடுப்பதற்கு இல்லையாம், எதிரி நாட்டுக்காரன் கையில் கிடைத்துவிடுமாம், ஏதோ ஒரு இலாகாவில் அனுமதி வாங்கி வர வேண்டுமாம். எதிரி கப்பலில் வருகிறவன், அவன் கடலைப் பார்த்துக்கொண்டேதான் வருவான். கடல் எதுவரை வரும் என்று தெரியாமல் வீட்டை அடகு வைக்கிறவன் நம் ஊர்க்காரன், அவனுக்குத்தான் படம் கிடையாது. இதை நான் சொன்னதற்கு உன் அப்பா, "ஏட்டி, நாட்டுப் பாதுகாப்புல்லாம் ஒனக்கு என்னட்டி தெரியும்" என்றார். எனக்குத் தெரியாதுதான். உன் தம்பி அதோடு படத்தை மறந்துவிட்டான், கேட்டுப் பார்த்தாயிற்று என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

அப்போதுதான் உன் தபால் வந்தது. நீ வேலை பார்க்கிற ஆபீசில் கடற்கரையை அடி அடியாக அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, நாய்க்குட்டியோடு உலாவப் போகிற வெள்ளைக்காரன் கேட்டால்கூட எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள் என்று முன்பே பெருமையாக எழுதியிருந்தாய். எவனோ நடந்து போகிற மணலை அளந்து கொடுக்க நம் வீட்டில் ஒருத்தியைப் படிக்கவைத்து அனுப்பினோமே என்று நினைத்துக்கொண்டேன். நம் கடற்கரைப் படமும் அங்கே ஒரு காலேஜ் நூலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி கிடக்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நம் ஊர்ச் சர்க்கார் பூட்டிவைத்திருப்பதை உன் ஊரில் புத்தக அலமாரியில் வைத்திருக்கிறான். நீ அனுப்பிய நகலில், நம் நிலத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்ட இடத்தில் புல் முளைத்த மாதிரி நீலக் கீறல் கீறலாக இருந்தது, அது கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற சதுப்பு என்று பக்கத்தில் எழுதியிருந்தாய். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் ஏறும், அஷ்டமி நவமி தாண்டிய ஓரிரு நாளில் ரொம்பவும் அடங்கிக் கிடக்கும் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு உன் அப்பாவின் தசமி ஞாபகம் வந்தது. நல்ல நாள் பார்த்த லட்சணம், கடல் அடங்கிக் கிடக்கிற நாளாகத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

நீ கேட்டுக்கொண்டபடி முதலில் நான் வாயைத் திறக்கவில்லை, படத்தைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்த் தர்ப்பணம் கொடுப்போம் என்று உன் அப்பா சொன்னபோது, அங்கே கூட்டம் மிதிக்கும், நம் சொந்தக் கடல் வேம்பாரில் இருக்கும்போது எதற்கு அடுத்தவர் கடல் என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் கிளம்பி, சாத்தூர், விளாத்திகுளம் வழியாகப் போய், உன் தாத்தாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முழுகி எழுந்து, வந்தது வந்தோம் நிலத்தையும் பார்த்துவிடுவோம் என்று மதியம் உன் அப்பா, தம்பி, கூட வந்த தரகர் எல்லோரையும் கிளப்பிக் கூட்டிப்போனேன். கார் பாதையிலேயே நின்றுவிட்டது, சக்கரத்துக்கு முன்னால் தண்ணீர். பங்குனியில் வெடித்துக் கிடந்த இடம் முழுக்கத் தகதகவென்று தண்ணீர், இவர்கள் சுண்ணாம்பு போட்டுக் குறித்துவைத்திருந்த மூங்கில் குச்சிகள் மட்டும் மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தன. நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன், கெண்டைக்காலுக்கு மேலே நனைந்தது. கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. மழை பெய்து மாதக்கணக்கு ஆகிறது, வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. உன் அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரகரைக் கேட்டார் பார், "ஏலே பால்ச்சாமி, எந்தக் கண்மாடா ஒடைஞ்சிருக்கு?" என்று.

எனக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும். ஆனால் திரும்பி வருகிற வழியிலேயே மூன்று பேரும் தண்ணீரை வற்றவைத்துவிட்டார்கள். ஆடிக் காற்றுக்குக் கடல் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கும் என்றார் பால்ச்சாமி. இறாலுக்கு எப்படியும் உப்புத் தண்ணீர் வேண்டும், பம்பு வைக்காமல் தானாக வந்தால் நமக்குத்தானே லாபம் என்றான் உன் தம்பி. வெட்டி வைத்த குளத்துக்குள் தானாக வருகிற தண்ணீர் போகும்போது குஞ்சையும் கூட்டிக்கொண்டுதானேடா போகும் என்றேன், கரையை உயர்த்திப் போடுவோம் என்றான். வருஷத்துக்கு ஒரு தடவை கண்மாய்க் கரையை அடைக்க ஊரே கூடி நிற்கிறது, இவன் கடலுக்குக் கரை போடுகிறானாம்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவில் சேலைகளைக் கலைத்துப் படத்தை எடுத்துக் கூடத்தில் விரித்துவிட்டேன். யார் அனுப்பியது என்றான், உன் அக்கா என்றேன். ஆமாம், சொல்லிவிட்டேன். அவன் முகம் இருண்டுபோயிற்று. "வீட்டுல அவளுக்கும் பங்கு வேணும்னு அங்க இருந்துக்கிட்டே கட்டையைப் போடுதா" என்றான். நீ பயந்தது அச்சு மாறாமல் வந்தது. ஆனால் ரத்தினம், எனக்கு அவன் மேல் வந்த கோபத்தைவிட உன் மேல் வந்த கோபம்தான் பெரிது. முன்பின் தெரியாதவன் கேட்டால் எடுத்து நீட்டுகிற படத்தை, கூடப் பிறந்தவனுக்கு என்று வரும்போது மட்டும், நான் அனுப்பியதாகச் சொல்லாதே அம்மா என்று ரகசியமாக அனுப்புகிறாய். அவன் தண்ணீரில் இறங்குவதைவிட அவன் உன்னை ஒரு வார்த்தை சொல்லிவிடுவானே என்பது உனக்குப் பெரிதாகிவிட்டது. எங்கள் சர்க்காருக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஆடிப்பூரக் கூட்டம், பஸ்ஸில் நிற்க இடமில்லை. அங்கே தெற்கு ரத வீதிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் படத்தைக் கொடுத்து நகல் எடுத்தேன். சிவப்பு வட்டம் ஜெராக்ஸில் கறுப்பாக வந்தது, பரவாயில்லை. ஒவ்வொன்றிலும் கீழே, அனுப்பியவர் ரத்தினம், சௌந்தரபாண்டியன் மகள் என்று நானே எழுதினேன். பாங்கு மேனேஜருக்கு ஒன்று, சுப்புராஜுக்கு ஒன்று, பால்ச்சாமிக்கு ஒன்று, அவர் அடுத்து யாரை அங்கே கூட்டிப்போகப் போகிறாரோ அவர்களுக்கும் கொடுக்கச் சொல்லி இரண்டு. மேனேஜர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். என் மகள் கொடுத்தாள் என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது, கோபத்தோடுதான்.

வீட்டுப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை, அதை உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார், மோர்க்குழம்பு வைத்தேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கோபமாக இருக்கிறார். ஆனால் என் கையெழுத்து இல்லாவிட்டாலும் சுப்புராஜ் தன் சொத்தை வைத்து எடுப்பார், ஆவணி பிறந்ததும் உன் தம்பி பெட்டியைக் கட்டிவிடுவான். வீட்டைக் காப்பாற்ற எனக்குத் தெரியும், அவனை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ரத்தினம். வடக்கத்திக் காற்றும் புயலும் வருகிற காலத்தில் அந்த மணலில் அவன் படுத்திருப்பான் என்று நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். என் பேச்சு அவனுக்குப் புலம்பல், அப்பா அவனுக்கு ஆமாம் சாமி போடுகிறவர். உன்னிடம்தான் அவன் வாதாடுவான், வாதாடினால்தான் அவன் காதில் கொஞ்சமாவது ஏறும். உன்னை நன்றாகக் கேட்டுவிடப் போகிறேன் என்று நம்பர் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், ஆவணியில் கிளம்புகிற அன்றைக்கு ஐ.எஸ்.டி. பூத்தில் இருந்து கூப்பிடுவான். திட்டுவான். பங்கு என்பான், பொறாமை என்பான். பேத்தியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொள், வைத்துவிடாதே, அவன் திட்டி முடித்த பிறகு படத்தில் நீ எழுதியதை உன் வாயால் அவனுக்குச் சொல்லு.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்லு. பேத்தி நெற்றியில் என் பெயரைச் சொல்லி விபூதி வைத்துவிடு. தீர்க்காயுசாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிற பிள்ளைகளாக எல்லோரும் இருங்கள் என்று ஆண்டாளை வேண்டிக்கொள்கிறேன். பாலைச் சுடவைக்க மறக்காதே. போன் மணி அடித்தால் எடு.

இப்படிக்கு,
இந்த மாதம் இந்த ஒரு காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடுகிற உன் அம்மா,
பரிபூரணம்